பக்கம் 212

ஜனவரி 5, திங்கள்

காங்கேயம் வளாகம் வந்து சேர்ந்தாயிற்று. எங்கள் கல்விக் குழுமத்தின் பன்னிரண்டு பள்ளிகளுக்கும் சேர்த்து நடந்த பிளஸ் டூ திருப்புதல் தேர்வின் கணக்குப் பேப்பர் திருத்தும் முகாம். ஐந்து நாள். தலைமைத் தேர்வாளர் அடியேன். கேள்வித்தாள் எடுத்தது அடியேன். கீ, அதாவது விடைக்குறிப்பு, தயாரித்தது அடியேன். பன்னிரண்டு பள்ளிப் பிள்ளைகளும் உருப்போடும் கைடை எழுதியதும் அடியேன். எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்தால் குழப்பம் வராது என்பது தாளாளர் ஐயாவின் கொள்கை. நல்ல கொள்கை.

என் மகள் நிறைமதியும் இந்தத் தேர்வை எழுதியிருக்கிறாள். பெருந்துறைப் பள்ளியில் என் வகுப்பிலேயே முதல் பெஞ்சு. பேப்பரில் பெயர் இருக்காது, டம்மி நம்பர்தான், ஆகவே பாரபட்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. "எப்படி எழுதினே?" என்றேன். "எழுதியிருக்கேனுங்கப்பா" என்றாள். நூற்றுக்கு நூறு வராமல் எங்கே போகும்? கைடு வீட்டிலேயே கிடக்கிறது.

இருபத்து நான்காம் தேதி ஆண்டு விழா. சென்டம் வாங்கிய பிள்ளைகளை மேடை ஏற்றுகிறார்கள். அதே மேடையில் என் கைடின் ஆறாம் பதிப்பு வெளியீடு. பன்னிரண்டு பள்ளிக்கும் கணக்கு இயக்குநர் என்று என்னை அறிவிக்கப்போவதாகவும் காதில் விழுந்தது. அப்பனும் மகளும் ஒரே மேடையில் நிற்கிற போட்டோவுக்குச் சுவரில் இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டேன். என் மனைவி பூங்கொடி அந்த இடத்தில் காலண்டர் இருக்கிறது என்கிறாள். காலண்டரை நகர்த்தினால் போச்சு.

அறையில் வெந்நீர் வரவில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

உப்புமா. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

காலையில் கட்டுப் பிரித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, தாராபுரம் பள்ளியிலிருந்து வந்திருக்கும் ரெஜினா என்கிற டீச்சர் எழுந்து நின்றார். தூத்துக்குடிப் பக்கம். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. "சார், நாப்பத்து மூணாவது கேள்விக்குக் கீ தப்பா இருக்கு" என்றார். அறுபது பேர் உட்கார்ந்திருக்கிற ஹாலில்!

கேள்வி இதுதான். மேலே 3x² + 5, கீழே 2x² + 1. x முடிவிலியை நோக்கிப் போனால் இந்தப் பின்னம் எதை நெருங்கும்? லோபிதாள் விதிப்படி காண்க. ஐந்து மதிப்பெண். என் கைடில் பக்கம் 212. முழுப் பின்னத்தையும் வகுத்தல் விதியால் வகையிட்டு, மேலே −14x, கீழே அடைப்புக்குறி ஸ்கொயர் என்று ஒரு பக்கம் பூராவும் அழகாக இறங்கி வந்தால் விடை பூஜ்ஜியம். நான்காம் பதிப்பில் சேர்த்தது. இன்றுவரை ஒரு குஞ்சுகூட வாயைத் திறந்ததில்லை.

அந்தம்மா சொல்வது: மேலே இருப்பதைத் தனியாக, கீழே இருப்பதைத் தனியாக வகையிட வேண்டுமாம். 6x, 4x. விடை 3/2. இரண்டே வரி.

"இரண்டு வரிக்கு அஞ்சு மார்க்கா, டீச்சர்?" என்றேன். ஹாலே சிரித்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டல் சரிபார்க்கிற நல்லசிவம் எல்லாரையும்விட ஒரு நிமிடம் அதிகமாகச் சிரித்தார். முப்பது வருடப் பழக்கம், மனுசன் எப்போது சிரிக்க வேண்டும் என்று தெரிந்தவர்.

ரெஜினா உட்காரவில்லை. "சார், பஸ் கடைசியில எந்த ஊர்ல போய் நிக்குதுன்னு கேள்வி கேட்டிருக்கு. நின்ன பஸ்ஸோட வேகம் பூஜ்ஜியம்னு நாம பதில் எழுதுதோம்."

"இது கணக்கு முகாம். பஸ் ஸ்டாண்டு இல்லை" என்றேன். நல்ல பதில். மதியம் சாப்பிடும்போதும் அதை இரண்டு பேர் சொல்லிச் சிரித்தார்கள்.

ஜனவரி 7, புதன்

1,426 பேப்பரில் தொள்ளாயிரம் முடிந்தது. அந்தக் கேள்விக்கு எல்லாரும் எழுதிய விடை பூஜ்ஜியம். ஒரே அச்சில் வார்த்தது போல, −14x முதல் கடைசி வரி வரைக்கும். கண் குளிர்ந்துபோனது. இதற்குப் பெயர்தான் தரம்.

மதியத்துக்கு மேல் ரெஜினா ஒரு பேப்பரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். டம்மி நம்பர் 1147. நாற்பத்து மூன்றாம் கேள்விக்கு இரண்டே வரி. 6x, 4x, 3/2. மற்ற கேள்வி எல்லாம் முழு மதிப்பெண். "இந்தப் பிள்ளைக்கு எப்படி சார் தொண்ணூத்தஞ்சு போட?" என்றார்.

கைடு படிக்காத ஏதோ திமிர் பிடித்த பிள்ளை. x-இன் ஒரு கால் நீளமாக, கோழி கிளறினாற்போல் இழுத்துக்கொண்டு போகிறது. எங்கேயோ பார்த்த எழுத்து. ஆயிரம் பேப்பர் பார்த்தால் எல்லா எழுத்தும் எங்கேயோ பார்த்த எழுத்தாகத்தான் தெரியும். சிவப்புப் பேனாவால் "வழிமுறை தவறு, 0" என்று நானே போட்டேன். மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் ரெஜினா. அதையும் நானே போட்டேன்.

சாயந்திரம் டீக்கு நேரம் இருந்ததால், சும்மா பொழுதுபோக்காக, உணவுச் சீட்டின் பின்பக்கம் x-க்கு ஆயிரம் போட்டு வகுத்துப் பார்த்தேன். 1.5 வந்தது. பத்தாயிரம் போட்டேன். 1.5 வந்தது. இன்னும் பெரிய எண்ணாகப் போட்டிருந்தால் பூஜ்ஜியத்துக்கு இறங்கியிருக்கும். சீட்டு சின்னது.

ஜனவரி 8, வியாழன்

வெந்நீர் வந்தது. ரெஜினா டீச்சருக்கு உடல்நலம் சரியில்லை என்று கருதி முகாமிலிருந்து விடுவித்தேன். "எனக்கு ஒண்ணுமில்லையே சார்" என்றார். நாளைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது?

ஜனவரி 12, திங்கள்

டம்மி நம்பருக்கு எதிரே பெயர் போட்ட பட்டியல் இன்று வந்தது. முப்பத்தெட்டு சென்டம். நல்லசிவம் வெளியே தேநீர் வாங்கப் போயிருந்தார், அதனால் அந்தப் பட்டியலை நான் மட்டும்தான் பார்த்தேன்.

1147, ம. நிறைமதி, பெருந்துறை. 95.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன். இரண்டு சட்டைக்கு இஸ்திரி. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் "ரிசல்ட் வந்துருச்சுங்களா?" என்று பூங்கொடிதான் கேட்டாள். நிறைமதி கேட்கவில்லை. "தொண்ணூத்தஞ்சு" என்றேன். "அஞ்சு எங்கே போச்சு?" என்றாள் பூங்கொடி. "கவனக்குறைவு" என்றேன். நிறைமதி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் பொங்கியது. கரும்பு பல்லில் மாட்டிக்கொண்டது. பகல் முழுக்கப் பேச முடியவில்லை, அதுவும் ஒருவகையில் நல்லதாகப் போயிற்று.

ஜனவரி 24, சனி

ஆண்டு விழா. எல்லாம் சிறப்பு. பொன்னாடை, கைதட்டல், மைக் இரண்டு தடவை கொய்யென்று கத்தியது. "தன்னலமற்ற கணித மேதை" என்று அறிவிப்பாளர் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம்தான். இயக்குநர் பதவியும் அறிவித்தாயிற்று.

சென்டம் வாங்கிய முப்பத்தெட்டுப் பேரும் எனக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். தாளாளர் ஐயா கைடை உயர்த்திப் பிடித்து முதல் பக்கத்தை மைக்கில் படித்தார். "என் மகள் நிறைமதிக்கு." எல்லாரும் கைதட்டினார்கள். "எங்கே அந்த மகள்? மேடைக்கு வரச் சொல்லுங்க" என்றார் ஐயா. நல்லசிவம் அவர் காதில் ஏதோ சொன்னார். ஐயா மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "அடடா" என்றார். அது மைக்கில் கேட்டுவிட்டது.

அவள் பதினோராவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. மேடை விளக்கில் கண் கூசியது.

போட்டோ வந்ததும் மாட்டலாம். காலண்டர் அங்கேயே இருக்கட்டும், அவசரமில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

இன்று சாப்பிடும்போது அவளாகவே ஆரம்பித்தாள்.

"அப்பா, பப்ளிக்ல அந்தக் கணக்கு வந்தா பூஜ்ஜியம்னே எழுதிடறேனுங்க."

"எந்தக் கணக்கு?" என்றேன். எனக்குத் தெரியாததுபோல்.

"212-ஆம் பக்கத்துக் கணக்குங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதப் போறாங்க. நான் ஒருத்தி மட்டும் வேற எழுதினா உங்க பேருதானுங்க கெடும்."

"உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது, அந்த இரண்டு வரி?"

"பாடப் புத்தகத்துல இருக்குங்கப்பா. ஜூலையிலயே வகுப்புல எழுந்து உங்களைக் கேட்டேன். 'கைடுல இருக்கறதை எழுது, உட்காரு'ன்னீங்க. உட்கார்ந்துட்டேன்."

எனக்கு நினைவில்லை. ஜூலையில் எத்தனையோ பேரை உட்காரச் சொல்லியிருப்பேன். ஆனால் அதற்குமேல் சாப்பிடாமல் கையைக் கழுவிவிட்டேன். தெரிந்த விடையை மாற்றி எழுதுகிறேன் என்று பெற்ற பிள்ளை சொல்கிறது, அதுவும் என் பேருக்காக! அரசுப் பொதுத்தேர்வில் அதே போல் ஒன்று வந்தால் ஆயிரத்து நானூறு பிள்ளைகளுக்கும் அஞ்சு மார்க் போகும். திருத்துகிறவர்கள் யாரும் என் கைடைப் பார்த்துத் திருத்தப்போவதில்லை.

மார்ச் ஒன்பதாம் தேதி தேர்வு. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஒரு சுற்றறிக்கை எழுத உட்கார்ந்தேன். முதலில் "என் தவறு" என்று எழுதினேன். ஒரு இயக்குநர், பதவிக்கு வந்து மூன்றே நாளில், இப்படியா எழுதுவது? "தவறு" என்று மாற்றினேன். பிறகு "பிழை". பிழை என்பது கொஞ்சம் மொட்டையாக இருந்தது. "அச்சுப்பிழை" என்று முடித்தேன்.

அனுப்பியது இதுதான்: "பக்கம் 212, கடைசி வரியில் 0 என்பதை 3/2 என்று திருத்திக்கொள்ளவும். அச்சுப்பிழை."

விஷயம் முடிந்தது. மனசு லேசாகிவிட்டது. ஓரளவு.

ஜனவரி 29, வியாழன்

அச்சகத்துக்காரர் போன் செய்தார். "ஏனுங் சார், ஒரு பக்கம் பூராவுமா நாங்க தப்பா அடிச்சோம்?" சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தாராபுரத்தில் ரெஜினா டீச்சரை ஆறாம் வகுப்புக்கு மாற்றிவிட்டார்களாம். நான் சொல்லவில்லை. என்னைக் கேட்டபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

மறுபடியும் காங்கேயம். இரண்டாம் திருப்புதல் தேர்வு. இந்தத் தடவை கேள்வித்தாளையும் கீயையும் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் தயாரித்தார், புதிதாக இருக்கட்டும் என்று ஐயாவுக்கு ஆசை. நாற்பத்து மூன்றாம் கேள்வி: மேலே 4x² + 3, கீழே 5x² − 2. x முடிவிலியை நோக்கிப் போனால்? கீயில் விடை 4/5. 8x, 10x, அவ்வளவுதான்.

முதல் கட்டின் முதல் பேப்பரைப் பிரித்தேன். முழுப் பின்னத்துக்கும் வகுத்தல் விதி. −46x. கீழே அடைப்புக்குறி ஸ்கொயர். ஒரு பக்கம் பூராவும் கையெழுத்து முத்துமுத்தாக இறங்கி வந்து பூஜ்ஜியத்தில் நிற்கிறது. அதற்கு அடுத்த வரி: "ஆகவே விடை 3/2 (அச்சுப்பிழை)."

அடுத்த பேப்பர். "ஆகவே விடை 3/2 (அச்சுப்பிழை)." அதற்கடுத்தது. ஒரு பிள்ளை "அச்சுப்பிழை" என்பதற்கு அடிக்கோடு போட்டு, கட்டமும் கட்டியிருக்கிறது.

பன்னிரண்டு பள்ளியிலும் என் சுற்றறிக்கையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பத்துத் தடவை எழுதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கேள்வி என்னவாக இருந்தால் என்ன, விடை 3/2. நல்ல ஆசிரியர்கள். சொன்னதைச் செய்கிறார்கள். நான்தான் அப்படிப் பழக்கி வைத்தேன்.

நல்லசிவம் கீயையும் பேப்பரையும் மாறிமாறிப் பார்த்தார். "சார், கீயில 4/5-ன்னு இருக்குங்க. இதுவும் அச்சுப்பிழைங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து நடுவில் நிறுத்த முடியாமல், கண்ணெல்லாம் தண்ணீர். நல்லசிவமும் கூடவே சிரித்தார், எதற்கென்று தெரியாமல். "யோவ், சிரிக்காதய்யா" என்றேன். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் தப்பான நேரத்தில் சிரித்துவிட்டார், பாவம்.

நானூறு பேப்பர் பார்த்தபிறகு ஒன்றில் இரண்டே வரி. 8x, 10x, 4/5. x-இன் கால் கோழி கிளறினாற்போல் இழுத்துக்கொண்டு போகிறது. இந்தத் தடவை எங்கேயோ பார்த்த எழுத்து என்று எழுதமாட்டேன். அது என் மகள் எழுத்து. ஜனவரியிலும் தெரியும்.

பூஜ்ஜியம் எழுதுகிறேன் என்று சொன்னவள், எழுதவில்லை. கை வரவில்லை போலிருக்கிறது. எனக்குத்தான் அந்தக் கை சுலபமாக வந்தது.

பிப்ரவரி 17, செவ்வாய்

உப்புமா. சாப்பிட்டேன்.

ரெஜினா டீச்சருக்குப் போன் செய்தேன். பின்னால் ஆறாம் வகுப்பு இரைச்சல். பன்னிரண்டு பள்ளிக்கும் என்னுடன் வந்து அந்தக் கணக்கை நடத்திக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். இவ்வளவு மரியாதையாக நான் யாரிடமும் பேசி எனக்கே நினைவில்லை.

"நான் நடத்துனா பிள்ளைக நம்பாது சார். புத்தகத்துல உங்க பேருல்லா இருக்கு. நீங்கதான் சொல்லணும்."

"என்ன சொல்ல?"

"தப்புன்னு சொல்லணும் சார். பஸ் கதையெல்லாம் வேண்டாம்."

பிறகு அந்தம்மாவே கேட்டார், "1147-க்கு அந்த அஞ்சு மார்க்கைப் போட்டீங்களா சார்?"

"அது என் மகள், டீச்சர்."

அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளை, "மிஸ், மிஸ், இவன் என் ஸ்கேலை எடுத்துட்டான்" என்று கத்திக்கொண்டே இருந்தது. டீச்சர் அதை அதட்டக்கூட இல்லை. "ஐயோ சார்" என்று மட்டும் சொன்னார்.

தாளாளர் ஐயாவுக்குக் கடிதம் எழுதினேன். பக்கம் 212 தவறு, அச்சகம் பொறுப்பில்லை, நானே பொறுப்பு, ரெஜினா டீச்சரைப் பிளஸ் டூவுக்கே திரும்ப அனுப்ப வேண்டும். இயக்குநர் பதவியை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. பன்னிரண்டு பள்ளிக்கும் போக ஒரு அட்டவணை போட்டேன். பெருந்துறையைப் பன்னிரண்டாவதாகப் போட்டிருந்தேன். முகாமை நல்லசிவத்திடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், அது மேசைமேல் கிடந்ததை நிறைமதி பார்த்துவிட்டாள்.

"நம்ம ஸ்கூல் கடைசிங்களாப்பா?"

"தூரம் பார்த்துப் போட்டது."

"பக்கத்துலதானே இருக்குதுங்க" என்றாள். பன்னிரண்டை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினேன்.

பிப்ரவரி 18, புதன்

பெருந்துறை. முதல் பாடவேளை. அறுபத்திரண்டு பிள்ளைகள். சாக்பீஸ் இரண்டு தடவை ஒடிந்தது. பேசினால் குரல் எப்படி வருமோ என்று பயமாக இருந்தது, அதனால் கரும்பலகையிலேயே எழுதினேன்:

"பக்கம் 212 முழுவதும் தவறு. அச்சுப்பிழை இல்லை. எழுதியவன் நான். ஜூலையில் நிறைமதி சரியாகக் கேட்டாள். நான் உட்காரச் சொன்னேன்."

திரும்பிப் பார்த்தேன். அறுபத்தொரு பிள்ளைகளும் தலையைக் குனிந்து அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். தலைப்புக்குச் சிவப்பு மை. அடிக்கோடு. ஒருவன் ஸ்கேல் வைத்து ஓரம்கூட விட்டான். நிறைமதி மட்டும் எழுதவில்லை. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"சார், இது எத்தனை மார்க் கேள்விங்க சார்?"

பொதுவாக இப்படிக் கேட்டால் எனக்குச் சுர்ரென்று வரும். இன்று வரவில்லை.

"அஞ்சு மார்க்" என்றேன். "ஏற்கெனவே கொடுத்திருக்க வேண்டியது."

நிறைமதி தலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு எழுந்து, கேட்காமலே கரும்பலகைக்கு வந்து, என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். 6x என்று எழுதினாள். கீழே 4x. நான் போய் முதல் பெஞ்சில், அவள் இடத்தில் உட்கார்ந்தேன்.